ஒரே மிதி போதாது

1999இல் ஹோண்டா எஸ்2000 சாலைக்கு வந்தபோது, அதை முதல்முறை ஓட்டிப் பார்த்த பலருக்கும் ஒரே சந்தேகம்தான். சொன்ன 240 குதிரைத்திறன் எங்கே போனது? ஊருக்குள் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் சுழல உருட்டிக்கொண்டு போய், சாலை காலியானதும் ஆக்சிலரேட்டரைத் தரையோடு தரையாக அழுத்தினால், வண்டி ஒரு சாதாரண சிடான் அளவுக்குத்தான் இழுத்தது. அதே காரைப் பழகிய ஒருவரிடம் கொடுத்தால் இரண்டாவது கியர் முடிவதற்குள் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. எஞ்சினும் டயரும் பெட்ரோலும் அதேதான். மாறியது ஓட்டுபவரின் வலது கால்.

நம் ஊரில் ஒரு வண்டியைப் பற்றிப் பேசினால் முதலில் கேட்கும் கேள்வி “பிக்கப் எப்படி?” என்பதுதான். அந்தக் கேள்விக்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பிக்கப் என்பது வண்டியின் குணம், நாம் செய்ய வேண்டியது ஒரே மிதி மட்டும் என்ற நம்பிக்கை. ஆட்டோமேட்டிக் கார்களைப் பொறுத்தவரை அது கிட்டத்தட்ட உண்மையாகிவிட்டது. கியர் போடும் ஸ்போர்ட்ஸ் காரில் அது பாதிகூட உண்மை இல்லை. அங்கே வேகமெடுப்பது மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் கூடிவரும்போதுதான் நடக்கிறது: எஞ்சின் தன் முழுத் திறனைத் தரும் சுற்றில் இருக்க வேண்டும், டயர் அந்தத் திறனைச் சாலையில் இறக்கும் நிலையில் இருக்க வேண்டும், ஆக்சிலரேட்டர் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்திருக்கும் நேரத்தை நீட்டுவதே நுட்பம். முழு மிதி அதில் கடைசி வேலை. அதற்கு முன்னால் கால் செய்து முடிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

எஸ்2000ஐ இதற்குப் பாடமாக எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. தப்பாக மிதித்தால் மறைக்காமல் காட்டிக்கொடுக்கும் கார் அது. 1997 சிசி, நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது. ஜப்பானுக்கு வெளியே விற்ற வண்டிகளில் 240 குதிரைத்திறன் கிடைத்தது 8,300 சுற்றில். முறுக்குவிசை, அதாவது டார்க், உச்சத்தைத் தொட்டது 7,500 சுற்றில், அதுவும் வெறும் 208 நியூட்டன் மீட்டர். எஞ்சினின் உச்ச வரம்பான சிவப்புக் கோடு 9,000. அந்த உச்சத்தில் பிஸ்டன்களின் சராசரி வேகம் நொடிக்கு 25 மீட்டர். ரேஸ் எஞ்சின்களுக்கு உரிய எண் இது. என்எஸ்எக்ஸ் காரை உருவாக்கிய ஷிகெரு உவேஹாரா தலைமையில் ஹோண்டாவின் ஐம்பதாவது ஆண்டு நிறைவை ஒட்டி உருவான கார் என்பதால், எஞ்சினியர்கள் விட்டுக்கொடுக்காமல் செய்திருக்கிறார்கள்.

இந்த எஞ்சினின் விடெக் அமைப்பில் வால்வுகளைத் திறக்க இரண்டு வகைக் கேம்கள் உண்டு. சுமார் 5,850 சுற்று வரை சிறிய கேம். வால்வு கொஞ்சமாக, கொஞ்ச நேரம் திறக்கும். அதைத் தாண்டியதும் எண்ணெய் அழுத்தம் ஒரு பின்னைத் தள்ளி ராக்கர்களைப் பூட்டுகிறது. பெரிய கேம் வேலைக்கு வருகிறது. ஓசையே மாறிவிடும். உறுமல் அறுந்து ஒரு கூர்மையான அலறல் எழும். அதாவது, விளம்பரத்தில் சொன்ன 240 குதிரைத்திறன் 6,000க்கும் 9,000க்கும் இடையிலான அந்த மூவாயிரம் சுற்றுக்குள்தான் வசிக்கிறது. காரை அங்கே கொண்டுபோய் அங்கேயே வைத்திருப்பது ஓட்டுபவரின் பொறுப்பு.

பெடல் உண்மையில் எதைத் திறக்கிறது?

ஆக்சிலரேட்டரை மிதித்தால் பெட்ரோல் போகிறது என்றுதான் பேச்சுவழக்கில் சொல்கிறோம். பெட்ரோல் எஞ்சினில் பெடல் திறப்பது காற்றுக்கான வழியை. குழாய்க்குள் இருக்கும் வட்டத் தகடு ஒன்று சாய்ந்து வழிவிடுகிறது. உள்ளே போகும் காற்றை அளந்து, அதற்கேற்ற பெட்ரோலைக் கம்ப்யூட்டர் பீய்ச்சுகிறது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. எஞ்சின் 2,000 சுற்றில் ஓடும்போது அதனால் விழுங்க முடிகிற காற்று குறைவு. தகடு பாதி திறந்தாலே தேவையான காற்று ஏறக்குறைய முழுதும் வந்துவிடும். மீதிப் பாதியையும் மிதித்துத் திறப்பதால் பெரிதாக எதுவும் கூடாது. சத்தம் கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான். 8,000 சுற்றில் நிலைமை தலைகீழ். அங்கே எஞ்சின் காற்றுக்குத் தவிக்கிறது. பெடலின் கடைசி விரற்கடை வரை கணக்கில் வரும். ஆகவே குறைந்த சுற்றில் பெடலின் முதல் கால்பங்கு மிக உணர்ச்சியானது, உயர்ந்த சுற்றில் கடைசிப் பங்கு முக்கியமானது. கீழ்ச் சுற்றில் கால் மென்மையாக இறங்க வேண்டும் என்று பயிற்சியாளர்கள் சொல்வது நாகரிகத்துக்காக இல்லை. அங்கே ஓர் அரை அங்குலம் அதிகமானால் வண்டி குதிக்கும்.

பழைய கார்களில் பெடலையும் தகட்டையும் ஒரு கேபிள் இணைத்தது. கால் அசைந்த அளவுக்குத் தகடும் அசைந்தது. இன்று கேபிள் கிடையாது. பெடலில் ஒரு சென்சார், தகட்டில் ஒரு மோட்டார், நடுவில் கம்ப்யூட்டர். எஸ்2000 இந்த இரண்டு காலங்களையும் பார்த்த கார். தொடக்கத்தில் கேபிளோடு வந்தது, அமெரிக்காவில் 2006 மாடலில் மின்னணு முறைக்கு மாறியது. வண்டி சறுக்கினால் பிடித்து நிறுத்தும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் அப்போதுதான் அங்கே கூடவே வந்தது.

மின்னணு முறையில் எவ்வளவு மிதித்தால் எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை மென்பொருள் தீர்மானிக்கிறது. பல கார்களில் ஸ்போர்ட் மோடைப் போட்டதும் வண்டி துள்ளுவதாகத் தோன்றுவது இதனால்தான். கால்பங்கு மிதிக்குப் பாதிப் பங்கு திறப்பு கிடைக்கிறது. எஞ்சினின் உச்சத் திறனில் ஒரு குதிரைகூட ஏறவில்லை. முழு மிதியில் இரண்டு மோடும் பெரும்பாலும் ஒன்றே. காலைப் பழக்க விரும்புகிறவர்களுக்கு என் யோசனை, சாதாரண மோடிலேயே தொடங்குங்கள். அதில் பெடலின் முழு நீளமும் உங்கள் கையில், சரியாகச் சொன்னால் காலில், இருக்கிறது. நுணுக்கமாக அளந்து மிதிக்க அந்த நீளம் வேண்டும்.

நின்ற நிலையிலிருந்து

முதல் கியரில் எஸ்2000 எஞ்சினின் 9,000 சுற்றுக்கு உரிய வேகம் மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர். அதே கணக்கில் 5,000 சுற்றுக்கு 39. இப்போது யோசித்துப் பாருங்கள். கார் நிற்கிறது, எஞ்சின் 5,000 சுற்றில் சுழல்கிறது. கிளட்ச் முழுதாகப் பிடித்துவிட்டால் சக்கரம் 39 கிலோமீட்டர் வேகத்தில் சுழன்றாக வேண்டும். வண்டியின் வேகமோ பூஜ்யம். இந்த இடைவெளியை ஏதாவது ஒன்று தாங்க வேண்டும். கிளட்ச் தட்டு தேய்ந்து தாங்கலாம், டயர் சுழன்று தாங்கலாம், அல்லது எஞ்சின் சுற்று விழுந்து தாங்கலாம். வேகமான புறப்பாடு என்பது இந்த மூன்றுக்கும் அந்தச் சுமையைச் சரியாகப் பங்கிட்டுக் கொடுப்பதுதான்.

எவ்வளவு பிடிப்பு இருக்கிறது என்று பார்ப்போம். வண்டி எடை ஏறக்குறைய 1,260 கிலோ. முன்னும் பின்னும் சரிபாதியாகப் பிரித்திருக்கிறார்கள். வேகமெடுக்கும்போது எடை பின்பக்கம் சாய்வதால் பின்சக்கரங்கள்மேல் 750 கிலோவுக்குச் சற்று மேல் வரை அழுத்தம் ஏறும். நல்ல டயர், உலர்ந்த தார்ச்சாலை என்றால் ஏறக்குறைய அதே அளவு தள்ளுவிசையை அது தாங்கும். முதல் கியரில் எஞ்சின் தன் உச்ச முறுக்குவிசையில் தரும் தள்ளுவிசையைக் கணக்கிட்டால் 900 கிலோவைத் தாண்டுகிறது. 208 நியூட்டன் மீட்டர் என்று காகிதத்தில் சிறிதாகத் தெரியும் எண், கியர்களின் பெருக்கத்தால் டயரைத் தோற்கடிக்கும் அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. இரண்டாவது கியரில் அது 600ஐ ஒட்டி இறங்கிவிடும். ஆக, நேர்ச்சாலையில், உலர்ந்த தரையில் இரண்டாவதில் தயங்காமல் முழுதாக மிதிக்கலாம். முதல் கியரில் மட்டும் எஞ்சின் பெரிய கேமுக்கு ஏறிய பிறகும் காலுக்கு வேலை இருக்கிறது.

செய்முறைக்கு வருவோம். கிளட்ச்சை முழுதாக மிதித்து முதல் கியர் போட்டு, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து எஞ்சினை 5,000 சுற்றில் நிறுத்த வேண்டும். மேலும் கீழும் உறுமவிட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. முள் அசையாமல் நிற்பதே குறிக்கோள். எஸ்2000இல் முள் கிடையாது, ஆரஞ்சு நிறத்தில் வளைந்து ஏறும் டிஜிட்டல் பட்டை. பிறகு இடது கால் கிளட்ச் பிடிக்கும் புள்ளி வரை வேகமாகவும், அந்தப் புள்ளியில் நிதானமாகவும் மேலே வர வேண்டும். கிளட்ச் கடிக்கத் தொடங்கிய கணத்தில் எஞ்சின்மேல் சுமை விழுகிறது. அதுவரை 5,000 சுற்றைத் தாங்கிய அந்தச் சிறு மிதி இனிப் போதாது. கிளட்ச் ஏற ஏற வலது கால் இறங்கிக்கொண்டே போக வேண்டும், முன்கூட்டியும் இல்லாமல் பிந்தியும் இல்லாமல்.

இங்கே பட்டையும் காதும்தான் வழிகாட்டி. சுற்று திடீரென்று 5,000இலிருந்து 7,000க்குத் தாவினால் டயர் சுழல்கிறது என்று பொருள். அப்போது காலை எடுத்துவிடக் கூடாது. ஒரு விரல் பருமன் தளர்த்தினால் போதும். முழுதாக எடுத்தால் எடை முன்னால் பாயும், பின்டயரின் பிடிப்பு இன்னும் குறையும், வண்டி ஒருமுறை தலையாட்டிவிட்டு நேரத்தைத் தொலைக்கும். சுற்று 3,000க்கு விழுந்தால் கிளட்ச்சை அவசரமாக விட்டிருக்கிறீர்கள். இந்த எஞ்சினின் ஃப்ளைவீல் இலேசானது, சேமித்து வைத்த விசை குறைவு. விழுந்தால் மீள நேரம் எடுக்கும், வண்டி திணறும். டயரின் ஓசையும் கவனிக்க வேண்டியது. டயர் துளிகூட நழுவாதபோது அதன் பிடிப்பு உச்சத்தில் இருப்பதில்லை. சாலை வேகத்தைவிடச் சக்கரம் 10 முதல் 15 சதவீதம் வரை வேகமாகச் சுழலும்போதுதான் சாதாரண டயர் தன் அதிகபட்ச இழுவையைத் தருகிறது. அந்த நிலையில் கேட்பது ஒரு மெல்லிய, அறுபடாத முனகல். அது கிறீச்சிடலாக உயர்ந்து புகை கிளம்பினால் எல்லை தாண்டியாயிற்று. சினிமாவில் புகை கிளப்புவது வேகத்தின் அடையாளம். பந்தயத்தில் அது தொலைந்த நேரம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இப்படிப் புறப்படும் ஒவ்வொரு முறையும் கிளட்ச் தட்டு சூடேறுகிறது. தொடர்ந்து மூன்று நான்கு முறை செய்துவிட்டுக் கருகல் வாசனை வரும்போது நிறுத்துவது தாமதம். இரண்டு முயற்சிகளுக்கு நடுவில் சில நிமிடம் நிதானமாக ஓட்டி ஆறவிட வேண்டும். எஞ்சின் எண்ணெயும் முதலில் சூடேறியிருக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் 9,000க்கு ஏற்றுவது எஞ்சினை அடிப்பதற்குச் சமம்.

கியர் மாற்றும் அந்த அரை நொடி

முதல் கியரில் எப்போது மாற்றுவது? எஸ்2000இன் கியர் விகிதங்கள் இதற்குத் தெளிவான பதில் வைத்திருக்கின்றன. முதல் கியர் 3.133, இரண்டாவது 2.045. 9,000 சுற்றில் மாற்றினால் இரண்டாவதில் எஞ்சின் வந்து நிற்கும் இடம் ஏறக்குறைய 5,870. அதாவது பெரிய கேம் விழித்துக்கொள்ளும் வாசலில் மிகச் சரியாக. 8,000இலேயே மாற்றிவிட்டால் 5,220க்கு விழும். பெரிய கேம் உறங்கிவிடும், மறுபடி ஏறும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றினால் 6,500ஐத் தாண்டி நிற்கும், மூன்றிலிருந்து நான்குக்கு 7,000ஐத் தாண்டி. கியர் ஏற ஏற விகிதங்கள் நெருங்கிவருவதை வரைந்தவர்கள் இந்த மூவாயிரம் சுற்று வீட்டைவிட்டு எஞ்சின் வெளியே போகக் கூடாது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆயிரம் சுற்று முன்கூட்டி மாற்றுகிற ஓட்டுநர் அந்தக் கணக்கை வீணடிக்கிறார்.

எல்லாக் காருக்கும் சிவப்புக் கோடுவரை போக வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. இன்றைய டர்போ பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றில் திறன் உச்சம் 5,500ஐ ஒட்டியே வந்துவிடும். அதற்குமேல் சத்தம் மட்டும் ஏறும், இழுவை சரியும். எந்தச் சுற்றில் இந்தக் கியரின் தள்ளுவிசை அடுத்த கியரில் கிடைக்கப்போவதைவிடக் குறைகிறதோ அதுவே மாற்றும் இடம். வண்டியின் திறன் வரைபடத்தை ஒருமுறை உட்கார்ந்து பார்த்தால் போதும்.

மாற்றும்போது வலது கால் செய்யும் தவறுகள் இரண்டு வகை. ஒன்று, கிளட்ச்சை மிதிப்பதற்கு முன்பே காலை எடுத்துவிடுவது. எஞ்சின் பிரேக் பிடிக்கும், பயணிகளின் தலை முன்னால் ஆடும், பிறகுதான் கியர் விழும். மற்றது, கிளட்ச் இறங்கிய பிறகும் காலை எடுக்காமல் இருப்பது. சுமையிழந்த எஞ்சின் அலறி எகிறும். சரியான முறையில் இரண்டு கால்களும் ஒரே நொடியில் எதிரெதிராக நகர வேண்டும்: இடது இறங்கும்போது வலது ஏறும், இடது ஏறும்போது வலது இறங்கும். 9,000இலிருந்து 5,870க்குச் சுற்று தானாக விழுந்து பொருந்தும் கணத்தில் கிளட்ச்சை விட்டால் உதறலே இருக்காது. இலேசான ஃப்ளைவீல் புறப்பாட்டில் தொல்லை தந்தது. இங்கே அது வரம். சுற்று சட்டென்று விழும்.

இந்த அரை நொடியின் விலை எவ்வளவு? ஒவ்வொரு நொடியும் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம் கூடும் வண்டி, 0.4 நொடி ஆக்சிலரேட்டர் மூடியிருந்தால் மணிக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர் வேகத்தை இழக்கிறது. இதை மிச்சப்படுத்தத்தான் சிலர் காலை எடுக்காமலேயே, முழு மிதியிலேயே கியரைத் திணிக்கிறார்கள். நேரம் கொஞ்சம் மிஞ்சும் என்பது உண்மை. அந்த மிச்சத்துக்குக் கிளட்ச்சும் கியர்பாக்ஸின் சின்க்ரோ வளையங்களும் பலியாகும் என்பதும் உண்மை. சொந்தக் காரில் அதைச் செய்ய எனக்கு மனம் வராது. அதே நேரத்தை, கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையால் தள்ளும் பழக்கத்திலும், கால்களின் ஒத்திசைவிலும் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

ஓடிக்கொண்டிருக்கும்போது

அன்றாட வாழ்க்கையில் நின்ற நிலையிலிருந்து பாய்வதற்குத் தேவையே இல்லை. வேகம் உண்மையாகத் தேவைப்படுவது ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒரு லாரியைத் தாண்டும்போது. எதிர்ப்பாதையில் இருக்கும் ஒவ்வொரு நொடியும் ஆபத்து. ஆக்சிலரேட்டர் நுட்பம் உயிர்காக்கும் நுட்பமாகும் இடம் இதுதான்.

எஸ்2000 நான்காவது கியரில் 80 கிலோமீட்டரில் போனால் எஞ்சின் 3,800 சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுழலும். அங்கே முழுதாக மிதித்தால் கிடைப்பது 100 குதிரைத்திறன் அளவு. அதே 80இல் இரண்டாவது கியரில் சுற்று 6,650. கிடைப்பது கிட்டத்தட்ட இரு மடங்கு. பெடல் அழுத்தம் ஒன்றே, பலன் இரண்டு. ஆகவே தாண்டுவதற்கு முன்பே கியர் டவுன் செய்துவிட வேண்டும். எதிர்ப்பாதைக்கு வந்த பிறகு வண்டி இழுக்கவில்லையே என்று கியரைத் தேடக் கூடாது.

நான்கிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது எஞ்சின் 3,800இலிருந்து 6,650க்கு ஏறியாக வேண்டும். ஏற்றாமல் கிளட்ச்சை விட்டால் அந்த வேலையைப் பின்டயர்கள் செய்யும். வண்டி முட்டிக்கொண்டு உதறும், ஈரச் சாலையில் பின்பக்கம் நழுவியும் விடும். கிளட்ச் மிதிபட்டிருக்கும் அந்தக் கணத்தில் ஆக்சிலரேட்டரை ஒருமுறை தட்டிச் சுற்றை மேலே தூக்கிவிட்டு, பொருந்தும் இடத்தில் கிளட்ச்சை விட வேண்டும். பிரேக் பிடித்துக்கொண்டே இதைச் செய்ய வேண்டியிருந்தால், வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கில் இருக்க, அதன் விளிம்போ குதிகாலோ ஆக்சிலரேட்டரைத் தட்டும். பிரேக்கின் அழுத்தம் மாறாமல் தட்டப் பழகுவதற்கு மாதங்கள் ஆகலாம். இன்றைய பல மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார்களில் கம்ப்யூட்டரே இதைச் செய்துவிடுகிறது. அந்த வசதியை அணைத்துவிட்டுப் பழகச் சொல்வேன்.

வளைவின் முடிவில்

நேர்ச்சாலையில் எவரும் மிதிக்கலாம். நல்ல ஓட்டுநர் தெரிவது வளைவைவிட்டு வெளியே வரும் இடத்தில். டயருக்கு இருக்கும் பிடிப்பு ஒன்றுதான். திரும்புவதற்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், வேகமெடுப்பதற்கும் அதிலிருந்துதான். திரும்புவதற்கே முழுதும் செலவாகிக்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டருக்குக் கொடுக்க மிச்சம் இல்லை. ஸ்டீயரிங் நேராக நேராகத்தான் மிச்சம் கிடைக்கிறது. பந்தயப் பள்ளிகளில் இதற்கு ஒரு கயிற்றைக் கற்பனை செய்யச் சொல்வார்கள்: ஸ்டீயரிங்கின் அடியில் ஒரு முனை, வலது கால் கட்டைவிரலில் மறுமுனை. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கயிறு இழுத்துக் காலை மேலே தூக்கும். நேராக்கினால் கயிறு தளர்ந்து காலை இறங்கவிடும். இதைவிட எளிதாகச் சொன்னவரை நான் பார்த்ததில்லை.

1969, 1971, 1973 என மூன்று முறை பார்முலா ஒன் உலக சாம்பியனான ஜாக்கி ஸ்டூவர்ட் வலியுறுத்திய பாடம் ஒன்று உண்டு. மிதித்த ஆக்சிலரேட்டரை மறுபடி தளர்த்த வேண்டியிராது என்று உறுதியாகும் வரை மிதிக்காதே என்பது அதன் சாரம். அவசரப்பட்டுச் சீக்கிரம் மிதித்தவர் வளைவின் பாதியில் காலை எடுக்க வேண்டிவரும். எடுத்ததும் எடை முன்னால் பாய்கிறது, எஞ்சின் பின்சக்கரத்தைப் பிடித்து இழுக்கிறது, இலேசாகிவிட்ட பின்பக்கம் வெளியே சுழல்கிறது. தொடக்கக் கால எஸ்2000கள் இதில் இரக்கமே காட்டாதவை. ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் கிடையாது, வளைவின் நடுவில் பெரிய கேம் விழித்துக்கொண்டால் பின்டயருக்குத் திடீர்ச் சுமை. 2004இல் ஹோண்டா பின்பக்க சஸ்பென்ஷனை மாற்றியமைத்துக் காரைச் சாந்தப்படுத்தியது. பயந்து சட்டென்று காலை எடுப்பது மனித இயல்பு. பின்சக்கர இயக்கக் காரில் அந்த இயல்பைத்தான் முதலில் அடக்கப் பழக வேண்டும். தளர்த்துவதையும் மிதிப்பதைப் போலவே அளந்து செய்ய வேண்டும்.

இந்த இலக்கணத்துக்கெல்லாம் வெளியே ஒருவர் இருந்தார். பார்முலா ஒன் ஓட்டுநர் அயர்ட்டன் சென்னா. வளைவுக்குள் ஆக்சிலரேட்டரை ஒரே சீராக வைக்காமல், நொடிக்குப் பலமுறை சின்னச் சின்னதாகத் தட்டிக்கொண்டே போவார். அவருக்கு எஞ்சின் கொடுத்த ஹோண்டாவின் பொறியாளர்கள் தங்கள் கருவிப் பதிவுகளில் இதைப் பார்த்து வியந்தார்கள். 1989இல் ஜப்பானின் சுசூகா ஓடுதளத்தில் நடந்த தகுதிச் சுற்றில், கையால் கியர் மாற்றும் மெக்லாரன் காரில் அவர் எடுத்தது 1 நிமிடம் 38.041 நொடி. அதே காரில் அவருடைய அணித்தோழர் அலன் பிராஸ்ட், மென்மையான காலுக்குப் பேர்போனவர், 1.7 நொடிக்குமேல் பின்தங்கினார். அந்தச் சுற்றின் ஆக்சிலரேட்டர் பதிவையும் எஞ்சின் சுற்றுப் பதிவையும் வைத்து 2013இல் ஹோண்டா சுசூகா பாதை நெடுக ஒலிபெருக்கிகளையும் விளக்குகளையும் அமைத்து, காரே இல்லாமல் அந்தச் சுற்றை மறுபடி ஓடவிட்டது. கேட்டால் மெய்சிலிர்க்கும். அதற்காகச் சென்னாவைப் பார்த்துக் காலைத் தட்டத் தொடங்க வேண்டாம். டயரின் எல்லை எங்கே என்று ஒவ்வொரு கணமும் தேடிக்கொண்டிருந்த கால் அது. எல்லை எங்கே என்றே தெரியாத நமக்கு அது வெறும் உதறலாகத்தான் முடியும்.

டர்போ கார் என்றால் ஒரு திருத்தம் தேவை. 1975இல் வந்த போர்ஷே 911 டர்போவில் மிதிக்கும் நேரத்துக்கும் விசை வரும் நேரத்துக்கும் நடுவே நீண்ட இடைவெளி இருந்தது. விசை வந்தபோது மொத்தமாக வந்தது. எஞ்சின் பின்னச்சுக்கும் பின்னால் இருந்த அந்தக் காரில், வளைவின் நடுவில் அது வந்து சேர்ந்தால் ஓட்டுநர் பாடு திண்டாட்டம்தான். அதில் பழகியவர்கள் விசை தேவைப்படும் இடத்துக்கு முன்பே மிதித்து, அது வந்து சேரும் நேரத்தில் ஸ்டீயரிங் நேராகியிருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். இன்றைய டர்போக்களில் அந்தத் தாமதம் வெகுவாகக் குறைந்துவிட்டது, மறையவில்லை. ஆகவே டர்போ மேனுவலில் சுற்றை 2,500க்குக் கீழே விழவிடாமல் இருப்பதே பாதி வேலை.

இவ்வளவும் கற்று, இயந்திரத்தை ஜெயிக்க முடியுமா? முடியாது. 2021இல் வந்த போர்ஷே 911 ஜிடி3 காரை எடுத்துக்கொண்டால், இரட்டைக் கிளட்ச் தானியங்கிக் கியரில் 100 கிலோமீட்டரைத் தொட 3.4 நொடி. அதே கார், அதே எஞ்சின், மேனுவலில் 3.9. இதைத் தெரிந்துகொண்டேதான் மேனுவலைக் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், போர்ஷேயும் அவர்களுக்காகச் செய்து தருகிறது. அந்த அரை நொடி இழப்பை நான் இழப்பாகக் கருதவில்லை. 3.4 நொடியை யார் மிதித்தாலும் கார் தருகிறது. 3.9ஐ ஓட்டுபவர் எடுக்க வேண்டும்.

எங்கே பழகுவது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பொதுச்சாலையில் பந்தயமும் வேகச் சோதனையும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆவது பிரிவின்படி குற்றம். சட்டத்தைவிடப் பெரிய காரணம், அந்தச் சாலையில் பால் வண்டியும் சைக்கிளும் நடைபயிற்சிக்காரர்களும் வருகிறார்கள். இந்தியாவில் இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இருக்கும் வசதி வேறு யாருக்கும் எளிதில் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் ஓடுதளம் 1990 முதல் இருக்கிறது. கோவை செட்டிபாளையத்தில், ரேஸ் கார்களை இங்கேயே கட்டிக் காட்டிய கரிவரதனின் பெயர் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பயிற்சியாளர்களும், சொந்தக் காரோடு கலந்துகொள்ளும் நாட்களும் உண்டு.

அங்கே போனால் முதல் அமர்வில் கியரையே தொடாதீர்கள். மூன்றாவதில் போட்டுவிட்டு, முழுச் சுற்றையும் அதிலேயே ஓட்டுங்கள். கியர் மாற்றும் கவலை இல்லாததால் கவனம் முழுவதும் வலது காலுக்கு வரும். ஒவ்வொரு வளைவிலும் எந்த இடத்தில் மிதிக்கத் தொடங்கினீர்கள், எந்த இடத்தில் முழு மிதியைத் தொட்டீர்கள், நடுவில் எங்காவது தளர்த்தினீர்களா என்று மட்டும் கவனியுங்கள். தளர்த்தியிருந்தால் அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம் பிந்தி மிதியுங்கள். தளர்த்தாமல் போக முடிந்தால் ஒரு கார் நீளம் முன்னதாக. நீண்ட நேர்ப்பாதைக்கு முந்தைய வளைவில் தொடங்குங்கள். அங்கே வெளியேறும்போது கூடுதலாகக் கிடைக்கும் 3 கிலோமீட்டர் வேகத்தின் பலன், அடுத்த பிரேக் புள்ளி வரை நேர்ப்பாதை முழுக்க உங்களோடு வரும்.